பழுப்புத் தாளில் ஒரு கால்

கடைகளில் அஸ்கலேயின் அளவு இல்லை.
நாற்பத்தைந்துக்கு மேல் கேட்டால்
சோடோ நகரத்துக் கடைக்காரன் உதட்டைப் பிதுக்குவான்.
ஆகவே பழுப்புத் தாளை விரித்து
காலை அதன்மேல் வைக்கச் சொல்கிறேன்.
வைக்கிறாள்,
வேறு யாருடைய பொருளையோ
பத்திரமாக இறக்கி வைப்பதுபோல.

பென்சில் சுற்றி வருகிறது.
விரல்கள் எங்கே தொடங்குகின்றன என்று தெரியவில்லை.
தோல் முடிச்சு முடிச்சாய், பாசி பிடித்த பாறையாய்.
வாடை அடிக்கும். மூக்கைச் சுளிக்காதிருக்கப் பழக
எனக்கு ஒரு வருடம் ஆனது.
இப்போது அந்த வாடையும் தோல் ஒட்டும் பசையும்
என் சட்டையில் ஒன்றாகவே வீட்டுக்கு வருகின்றன.

எந்த வயதில் கொசு கடித்தது என்று கேட்டார்
தலைநகரிலிருந்து புதிதாக வந்த மருத்துவர்.
கட்டுப்போடும் பெண் சிரித்துவிட்டாள்.
இந்த உயரத்தில் அந்தக் கொசு ஏது?
ஆண்டு முழுக்கக் கம்பளி போர்த்தித் தூங்குகிற மலை இது.

மண்தான்.
எப்போதோ நெருப்பாய் வழிந்து, ஆறி,
மழையில் நைந்து நைந்து மாவாகிவிட்ட சிவப்பு மண்.
கண்ணுக்குத் தெரியாத துகள்கள்
வெறும் உள்ளங்காலில் வழி கண்டு நுழைந்து
உள்ளே நீர் வடியும் பாதையை அடைத்துவிடுகின்றன.
எல்லோருக்கும் வருவதில்லை. சில வீடுகளுக்கு.
அந்த வீடுகளில் யாரும் பெண் எடுப்பதில்லை.

செத்த பாம்பை மிதித்திருப்பாள் என்றாளாம் மாமியார்.
கணவன் கத்தீசோ காரணம் எதுவும் சொல்லவில்லை.
அவள் தட்டை மட்டும் தனியாக வைத்தான்.

அதே மண்ணில்தான் காப்பி.
அதே மண்ணில்தான் எங்கள் வாழை;
பழத்துக்கு அல்ல, தண்டைச் சுரண்டிக்
குழியில் புளிக்கவைத்து ரொட்டி சுடுகிற வாழை.
மழை பொய்த்த வருடங்களிலும் அது கைவிட்டதில்லை.
எந்த வாயால் திட்டுவது?

தினமும் கழுவு, களிம்பு பூசு, துணி சுற்று, ஷூ போடு
என்று மருத்துவமனைச் சுவரில் படம் வரைந்திருக்கிறோம்.
படத்துப் பெண்ணின் பக்கத்தில் வாளி,
விளிம்புவரை தண்ணீர்.
"இவள் எந்த ஊற்றில் எடுக்கிறாள்?"
என்று கேட்டாள் அஸ்கலே. கிண்டலாக அல்ல.
அவள் ஊற்று ஒரு மணி நேர இறக்கத்தில்.
அந்தக் காலோடு இறங்கி, அந்தக் காலோடு ஏறி
இருபது லிட்டர்.
சமையலுக்கு, மாட்டுக்கு, மகளுக்கு,
மிஞ்சினால் காலுக்கு.

நான்கு மாதம் கழித்து
அளவு குறைந்திருக்கிறதா பார்க்க
அவள் ஊருக்கே போனேன்.
வெறுங்காலோடு கொத்திக்கொண்டிருந்தாள்.
நான் இரவெல்லாம் விழித்துத் தைத்த ஷூ
பிளாஸ்டிக் பையில் சுற்றி, கூரை மரத்தில் தொங்கியது.
"மண்ணாகிவிடும்" என்றாள்.

கோபம்தான் வந்தது.
மண்ணுக்காகத்தானே ஷூ என்று கத்தியும்விட்டேன்.
அவள் பேசாமல் மண்வெட்டியைச் சுரண்டினாள்.
பையில் இருந்த தாளைத் தேடுவதாய்க் குனிந்தபோது பார்த்தேன்:
வாசலில் ஒன்பது வயது மிஹ்ரெத்,
கணுக்கால்வரை சிவந்த மண்.
ஒரு காலின் புறத்தை மறுகாலால்
தேய்த்துக்கொண்டே இருந்தாள்.
அரிப்பு. முதலில் அதுதான் வரும்.

தாளை அவளுக்கு விரித்தேன்.
பென்சில் ஒரே மூச்சில் சுற்றி வந்தது.
ஐந்து விரல், நடுவில் வளைவு,
யாருடையதாகவும் இருக்கக்கூடிய கால்.
"இந்த அளவு கடையில் இருக்குமா?"
"எல்லாக் கடையிலும்" என்றேன்.
விலையை நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து
கூரையிலிருந்து பையை அவிழ்த்தாள்.
தன் ஷூவை இரண்டு கைகளிலும் ஏந்தி
எடை பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"இதை வெட்டினால்
சின்னதாக இரண்டு ஜோடி வருமா?"

வரும். தோல் தாராளம்.
நான் பென்சிலைச் சீவத் தொடங்கினேன்.